பத்துக்கு ஏழு

துமாசி: ...தண்ணீர் அருந்தியாயிற்று. டம்ளரும் காலி. இனி நான் வந்த செய்தியைச் சொல்லலாம், இல்லையா?

அஃப்ரியே: சொல்ல முடியாது டாக்டர். வீட்டுக்காரங்க கேக்கணும். கேட்ட பிறகுதான் விருந்தாளி வாயத் திறக்கலாம். நீங்க குமாசியிலதானே பொறந்தீங்க?

துமாசி: அதனால்தான் காத்திருக்கிறேன். கேளுங்கள்.

அஃப்ரியே: நான் கேக்க மாட்டேன்.

பாஃபோ: அஃப்ரியே...

அஃப்ரியே: நீயும் கேக்காத பாஃபோ. புருஷன் கேட்டாலும் பொண்டாட்டி கேட்டாலும் ஒண்ணுதான், கவர் திறந்துரும். இங்கருந்தே முத்திரை தெரியுது பாரு. ஞாயித்துக்கிழமை, சர்ச்சு விட்டு வந்து இன்னும் செருப்பு கழட்டல. அதுக்குள்ள முத்திரை போட்ட கவர்!

பாஃபோ: இன்னொரு டம்ளர் தண்ணி வேணுமா டாக்டர்?

துமாசி: மூன்று குடித்துவிட்டேன், தம்பி.

பாஃபோ: நான் கேட்டா எனக்குச் சாப்பாடு கெடைக்காது. கேக்கலேன்னா நீங்க எழுந்து போக மாட்டீங்க. நாலாவது டம்ளருக்கு அப்புறம் நீங்க எங்க எழுந்து போவீங்கன்னும் தெரியும்... சரி, கேட்டுத் தொலைக்கிறேன். இங்க எல்லாரும் சுகம் டாக்டர். நீங்க என்ன சேதியா வந்தீங்க?

துமாசி: நன்றி. நான் தீமை எதையும் கொண்டு வரவில்லை.

அஃப்ரியே: அப்ப அந்தக் கவர்ல என்ன இருக்கு? கேக்கா?

துமாசி: தீர்மானம். படிக்கிறேன். “குமாசி கணினி எழுத்தாளர் பொதுப்பக்கக் குழுவின் தலைவர் டாக்டர் பொறியாளர் துமாசி ஆகிய நான், மேற்படி குழுவின் செயலர் டாக்டர் பொறியாளர் துமாசி அவர்களின் வேண்டுகோளுக்கு இணங்க...”

பாஃபோ: ரெண்டும் நீங்கதானா?

துமாசி: செயலர் பதவி தற்காலிகம்.

பாஃபோ: எத்தன வருஷமா?

துமாசி: நான்கு. குறுக்கிடாதீர்கள். “...திருமதி அஃப்ரியே அவர்கள் தம் சொந்த வலைப்பூவில் எழுதும் பதிவுகள் யாவும் நமது பொதுப்பக்கத்தில் தாமாகவே வந்து சேரும் ஏற்பாடு ஆறு ஆண்டுகளாக இருந்து வருகிறது. நம் விதி நான்கின்படி, எந்த வலைப்பூவிலும் கடைசிப் பத்துப் பதிவுகளில் ஏழு தொழில்நுட்பம் சார்ந்தவையாக இருத்தல் வேண்டும். மேற்படி வலைப்பூவில் அவ்வாறு இருப்பவை ஐந்தரை.”

அஃப்ரியே: ஐந்தரையா?

துமாசி: ஐந்தரை.

அஃப்ரியே: அது என்ன அரை? பதிவ எடுத்துக் கத்தியால வெட்டுனீங்களா?

துமாசி: “சோலார் தகட்டில் ஏறிய ஆடு” என்ற பதிவு. துணைக்குழு இரண்டு முறை கூடி ஆராய்ந்தது. தகடு, தொழில்நுட்பம். ஆடு, பொது. ஆகவே அரை.

பாஃபோ: ஆட்டக் கூப்பிட்டு விசாரிச்சீங்களா?

அஃப்ரியே: சிரிக்காத பாஃபோ, எனக்கு வயிறு எரியுது! டாக்டர், அந்த மம்போங் கிளினிக்குல தடுப்பூசி ஃபிரிட்ஜு தெனமும் காலைல பத்து மணிக்கு நின்னு போகும். மூணு பேரு வந்து பாத்தாங்க. ஒயர மாத்துனாங்க, பேட்டரிய மாத்துனாங்க. நான் போயி கூரை மேல ஏறிப் பாத்தா, பக்கத்து வீட்டு ஆடு தகட்டு மேல படுத்து வெயில் காயுது. அந்த ஆடுதான் கோளாறு! ஆட்ட எடுத்துட்டா அந்தப் பதிவுல என்ன மிச்சம்?

துமாசி: ஆடு வந்தது குற்றமில்லை, மேடம். ஆட்டின் குணநலன்களை இரண்டு பத்தி வர்ணித்திருக்கிறீர்கள்.

அஃப்ரியே: ஏன்னா அது எறங்க மாட்டேன்னுச்சு! எப்படி எறக்குறதுன்னு சொல்ல வேணாமா? நாளைக்கு வேற ஊர்ல வேற ஆடு ஏறும்.

பாஃபோ: அவ சொல்றது சரி டாக்டர். அந்தப் போஸ்டுக்கு அப்புறம் ஒபுவாசிலருந்து ஒருத்தர் எழுதியிருந்தாரு. அவருக்கு ஆடு இல்ல, மாமியார். தகட்டுல மீன் காயப் போட்டுச்சாம்.

துமாசி: அது இன்னும் பொது.

அஃப்ரியே: சரி, நான் ஒண்ணு கேக்குறேன். உங்க பிளாக்குல கடைசியா என்ன வந்துச்சு? “விருது பெற்ற தருணம்.” நாலு போட்டோ. மூணுல நீங்க, ஒண்ணுல விருது. அதுல எது தொழில்நுட்பம்?

துமாசி: விருது தொழில்நுட்பத்துக்காகக் கொடுக்கப்பட்டது.

அஃப்ரியே: அதுக்கு முன்னாடி, “அமைச்சருடன் ஒரு கைகுலுக்கல்.”

துமாசி: தகவல்தொடர்புத் துறை அமைச்சர்.

அஃப்ரியே: பாத்தியா பாஃபோ! அமைச்சர் கைய ஆட்டுனா முழுசு. ஆடு தகட்டுல ஏறுனா அரை!

பாஃபோ: ஆட்டுக்கு யாரும் சிபாரிசு இல்ல, விடு.

துமாசி: மேடம், நான் சண்டைக்கு வரவில்லை. பொதுப்பக்கம் என்பது ஒரு கௌரவமான இடம். பல்கலைக்கழகத்தில் பார்க்கிறார்கள், வெளிநாட்டில் பார்க்கிறார்கள். ஒருவர் தரவுத்தளம் பற்றி ஆழமாக எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே நீங்கள், பாதிரியாரின் மைக் ஏன் கீச்சிட்டது என்று ஒன்று. அதற்குக் கீழே நகர வண்டியில் பாம்பு எண்ணெய் விற்றவன் என்று ஒன்று. படிக்கிறவன் என்ன நினைப்பான்?

அஃப்ரியே: படிக்கிறவன் அங்கதான் மொதல்ல நிப்பான், அதான் உங்களுக்கு வலி. டெச்சிமான்ல ஒரு நர்ஸம்மா எனக்கு என்ன எழுதுனாங்க தெரியுமா? “சிரிக்கிறதுக்கு ஏதாவது இருக்கான்னு பாக்க வந்தேன். மேல, பேட்டரிய மொதல்ல கழட்டாதீங்கன்னு போட்டிருந்துச்சு. நான் அப்பத்தான் ஸ்பானரும் கையுமா நின்னுக்கிட்டிருந்தேன்”னு. பாம்பு எண்ணெய்க்காரன்தான் அவங்க பேட்டரியக் காப்பாத்துனான்.

துமாசி: தற்செயல்.

அஃப்ரியே: தற்செயலா? வாரத்துல அஞ்சு நாள் கிளினிக் கிளினிக்கா அலையுறேன். கம்ப்யூட்டருக்குள்ள தூசி தட்டுறேன், வெளிய வந்தா வண்டில பாம்பு எண்ணெய். ரெண்டும் ஒரே நாள், ஒரே ரோடு, ஒரே நான். அத நீங்க வந்து, இது முழுசு, இது அரைன்னு... நான் என்ன சந்தைல இருக்குற கறியா, எலும்பு தனி, சதை தனின்னு பிரிக்க?

துமாசி: பிரிப்பது எளிது. இரண்டு வலைப்பூ வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தொழில்நுட்பம். இன்னொன்று... ஆடு முதலியன.

பாஃபோ: நல்ல தலைப்பு.

அஃப்ரியே: தொழில்நுட்பம் மட்டும் இருக்குற பிளாக்க யாரு வந்து படிப்பா? நாலு வருஷத்துக்கு முன்னாடி நானும் அப்படித்தான் எழுதுனேன். முப்பது போஸ்ட். ஒரே ஒரு ஆளு தவறாம வருவாரு. யாருன்னு பாத்தா, என் பக்கத்த யாராவது உடைக்கிறாங்களான்னு சோதிக்கிற மெஷினு.

துமாசி: தரமான வாசகர் எண்ணிக்கை எப்போதும் குறைவுதான்.

அஃப்ரியே: மெஷினு தரமானதுதான், நான் இல்லேங்கல.

துமாசி: தீர்மானத்தை முடித்துவிடுகிறேன். “ஆகவே திருமதி அஃப்ரியே இணைப்பிலுள்ள உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். ஒன்று, இனி தொழில்நுட்பம் மட்டும். இரண்டு, ‘நாற்பத்து மூன்று கைகள்’ என்னும் பதிவை எல்லா இடங்களிலிருந்தும் அடியோடு நீக்க வேண்டும். தவறினால் இன்று மாலை ஆறு மணிக்கு மேற்படி வலைப்பூவின் இணைப்பு துண்டிக்கப்படும்.” அவ்வளவுதான். பேனா என்னிடமே இருக்கிறது.

அஃப்ரியே: இன்னைக்கா?

துமாசி: இன்றைக்கு.

அஃப்ரியே: முடியாது. டாக்டர், கேளுங்க... வெளையாட்டு இல்ல இது. செவ்வாக்கிழமை எல்லாக் கிளினிக்குக்கும் பதிவு மென்பொருளுக்கு அப்டேட் வருது. நான் வீட்டுல ஒரு பழைய கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். கொழந்தைங்களோட தடுப்பூசித் தேதி எல்லாம் அழிஞ்சு போகுது. பேரு இருக்கு, எடை இருக்கு, தேதி மட்டும் வெள்ளையா கெடக்கு. எந்தக் கொழந்தைக்கு எது போட்டாங்க, எது போடலன்னு தெரியாது. அப்டேட்டுக்கு முன்னாடி ஒரு சின்ன வேல செஞ்சா தப்பிக்கலாம். பத்து நிமிஷ வேல.

துமாசி: மேலிடத்துக்குச் சொல்லுங்கள்.

அஃப்ரியே: சொன்னேன். “உங்கள் கருத்துக்கு நன்றி”ன்னு வந்துச்சு. அறுபத்தோரு கிளினிக். போன் பண்ணேன், பதினொரு பேருதான் எடுத்தாங்க. மீதி அம்பது பேரும் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான், உங்க பொதுப்பக்கம். நாளைக்குக் காலைல என் போஸ்ட் அதுல வரணும். இன்னைக்கு ஆறு மணிக்கு நீங்க கத்தரிச்சா...

துமாசி: அதை நானே என் பெயரில் போட்டுவிடுகிறேன். கவலை வேண்டாம்.

அஃப்ரியே: ஐயோ! உங்க பேரப் பாத்தா போட்டோன்னு நெனச்சுத் தள்ளிவிட்டுருவாங்க டாக்டர்!

பாஃபோ: அமைச்சர் கையப் பிடிச்சுக்கிட்டே தேதியப் பத்தி ரெண்டு வரி சொன்னீங்கன்னா...

துமாசி: தம்பி, உங்கள் நகைச்சுவையும் பொதுவில்தான் சேரும். மேடம், உங்கள் கையில்தான் இருக்கிறது. ஒரு கையெழுத்து. குழந்தைகள் முக்கியமா, ‘கைகள்’ என்ற உங்கள் சாவு வீட்டுக் கதை முக்கியமா?

அஃப்ரியே: கொழந்தைங்கள வச்சா பேரம் பேசுறீங்க? என் வீட்டுல உக்காந்து, என் தண்ணியக் குடிச்சுட்டு?

பாஃபோ: மூணு டம்ளர்.

அஃப்ரியே: குடுங்க அந்தக் காகிதத்த. நானே படிக்கிறேன்... இரு. இது என்ன? பத்துல நாலு பொதுன்னு சொல்றீங்க. மைக்கு, பாம்பு எண்ணெய், எங்க அத்தை வீட்டுப் பேய் கடிகாரம், அப்புறம் கைகள். மூணு இருக்கலாம். ஆடு கூட அரையா இருக்கலாம். அழிக்கச் சொல்றது ஒண்ணே ஒண்ணு. ஏன்?

துமாசி: அது... மிகவும் பொது.

அஃப்ரியே: பேய விடவா?

துமாசி: துணைக்குழுவின் முடிவு.

பாஃபோ: டாக்டர், அந்த விதி நாலு... எப்ப போட்டீங்க?

துமாசி: அண்மையில்.

பாஃபோ: அண்மைன்னா?

துமாசி: வியாழக்கிழமை.

பாஃபோ: கைகள் போஸ்ட் வந்தது புதன்கிழமை. அப்ப ஒரே நாள்ல விதி பொறந்து, துணைக்குழு கூடி, ஆட்ட ரெண்டு தடவ ஆராய்ஞ்சு... ஆமா, துணைக்குழுல யாரு யாரு?

துமாசி: நான்... நானும் செயலரும்.

அஃப்ரியே: பாஃபோ, அந்தப் போஸ்ட எடு. படி. அப்படி என்ன குத்தம் இருக்குன்னு நானும் கேக்குறேன். சத்தமாப் படி.

துமாசி: வேண்டாம். நான் படித்திருக்கிறேன்.

பாஃபோ: எத்தன தடவ?

துமாசி: ...ஒன்பது.

பாஃபோ: நான் அவ புருஷன், நானே மூணு தடவதான். சரி. “நம் ஊரில் ஒரு பெரிய மனிதர். சனிக்கிழமை பிற்பகல், கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, கைபேசி காட்டிய வழியில் ஒரு தெருவுக்குள் நுழைந்தார். அந்தத் தெருவில் அன்று நான்கு சாவு, நான்கு பந்தல். எங்கும் கறுப்பு, எங்கும் ஒலிபெருக்கி. பந்தலுக்குப் பந்தல் அதே பிளாஸ்டிக் நாற்காலி. கைபேசி, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது. மனிதர்களிடம் வழி கேட்பது பெரிய மனிதருக்குக் கௌரவக் குறைச்சல். கைபேசியை நம்பி மூன்றாவது பந்தலுக்குள் போனார். தவறான பந்தல்.”

அஃப்ரியே: இதுல பாருங்க, கைபேசி வருது, வழி காட்டுற செயலி வருது. தொழில்நுட்பம்தான்.

பாஃபோ: “துக்க வரிசையின் வலக்கோடியில் தொடங்கி இடக்கோடி வரை, குடும்பத்தார் நாற்பத்து மூன்று பேரின் கைகளையும் ஒவ்வொன்றாகப் பற்றிக் குலுக்கினார்.”

துமாசி: முப்பத்தாறு.

பாஃபோ: என்னது?

துமாசி: ஒன்றுமில்லை. சாவு வீட்டில் வழக்கமாக ஒரு வரிசைக்கு முப்பத்தாறு நாற்காலிதான் போடுவார்கள். தரவுப் பிழை. அதைச் சொன்னேன்.

பாஃபோ: அப்படியா... “பிறகு மைக்கைக் கேட்டு வாங்கினார். மறைந்த இவர் எனக்குக் கணினியின் முதல் பாடம் கற்பித்த ஆசான் என்றார். குரல் உடைந்தது. இந்நாடு ஒரு தூணை இழந்தது என்றார். அவருக்குப் பின்னால், கதவளவு படத்தில், தொண்ணூற்றொரு வயதுத் தக்காளி வியாபாரி அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார்.”

துமாசி: படம் பின்னால் இருந்தால் பேசுகிறவனுக்கு எப்படித் தெரியும்? முதுகிலா கண்?

அஃப்ரியே: உள்ள நுழையும்போது தெரியணும்ல? கதவளவு படம் டாக்டர்! அவ்வளவு பெரிய படம் கண்ணுல படாத அளவுக்குத் தலைக்குள்ள தன் பேச்சு ஓடிக்கிட்டிருக்கு. செத்தது யாருன்னு கூடப் பாக்காம அஞ்சலி. அந்தாளுக்கு நான் எழுதுனது பத்தாது!

பாஃபோ: ரொம்பக் கடுமை அஃப்ரியே. நான் அன்னைக்கே சொன்னேன்.

அஃப்ரியே: நீ சும்மா படி.

பாஃபோ: “யாரும் தடுக்கவில்லை. அழுகிறவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்க எந்தக் குடும்பத்துக்கு மனம் வரும்? பேசி முடித்ததும், மூத்த மகன் ஜொலோஃப் சோற்றுப் பொட்டலத்தை, இரண்டு கோழித் துண்டு வைத்து, கையில் கொடுத்தார். ‘எங்கம்மா கம்ப்யூட்டரும் சொல்லிக் குடுத்தாங்கன்னு எங்களுக்கே தெரியாமப் போச்சே’ என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.”

துமாசி: போதும்.

பாஃபோ: இன்னும் நாலு வரிதான். “அப்போதுதான் பெரிய மனிதர் திரும்பிப் படத்தைப் பார்த்தார். பார்த்த பிறகும் நழுவிப் போகவில்லை. வாத்தியக்காரர்கள் அடித்த அடிக்கு, துணியை இழுத்துச் செருகிக்கொண்டு, பந்தல் நடுவில் ஒரு சுற்று ஆடி...”

துமாசி: ஆடல! ஆடவே இல்ல! எல்லாத்தையும் எழுதுங்க, ஆனா ஆடுனேன்னு எழுதாதீங்க! சத்தியமா நான் ஆடல!

பாஃபோ: உங்கள நான் ஒண்ணும் சொல்லலியே.

அஃப்ரியே: ...டாக்டர்?

துமாசி: தண்ணி குடுங்க.

பாஃபோ: நாலாவது.

துமாசி: ...நான்தான். போதுமா? அந்த ஆளு நான்தான். நேத்து இல்ல, அதுக்கு முந்தின சனிக்கிழமை. பேராசிரியர் அட்டாவோட சாவு. எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்குடுத்த மனுஷன். மூணு நாள் உக்காந்து பேச்சு எழுதுனேன்மா. நம்ம குரூப்புல எவனோ லொகேஷன் அனுப்புனான், அது கொண்டு போயி தெருமுனைல விட்டுச்சு. நாலு பந்தல். நாலுலயும் கறுப்பு. உள்ள போயிட்டேன்.

அஃப்ரியே: நீங்களா...

துமாசி: அது மட்டும் இல்ல. அட்டாவோட சம்சாரம் மறுநாள் போன் பண்ணாங்க. “உங்கள வரிசைல பாக்கலியே தம்பி”ன்னாங்க. வந்தேன், பேசுனேன், கூட்டத்துல நீங்க கவனிக்கலன்னுட்டேன். அந்தம்மா அழுதுட்டே மன்னிப்புக் கேட்டாங்கம்மா... என்கிட்ட. அடுத்த மாசம் அவர் நினைவுக் கூட்டம், நான்தான் தலைமை. அதுக்குள்ள புதன்கிழமை காலைல பொதுப்பக்கத்தத் திறந்தா, நான் பெத்த பக்கத்துல, எனக்கு மேலேயே... நாற்பத்து மூன்று கைகள்!

பாஃபோ: அதான் வியாழக்கிழமை விதி.

துமாசி: வேற என்ன செய்யச் சொல்றீங்க? நான் அந்தப் பந்தல்ல பேசுனது அந்த வீட்டுக்காரங்களுக்கு மட்டும்தான் தெரியும்னு நெனச்சேன். நீ எங்கிருந்தோ பாத்திருக்க. எழுதிட்ட. ஆனா...

அஃப்ரியே: ஆனா?

துமாசி: ஒண்ணு ஒத்துக்கிறேன். உனக்கு நல்ல மனசும்மா. அடையாளம் தெரியக்கூடாதுன்னு எவ்வளவோ மாத்திட்ட. நான் போனது ரெண்டாவது பந்தல், நீ மூணாவதுன்னு எழுதுன. செத்தவரு லாரி டிரைவர் சங்கத் தலைவரு, படத்துல ஸ்டியரிங்கப் பிடிச்சுட்டு இருந்தாரு. நீ தக்காளிக்காரம்மான்னு மாத்திட்ட. குடுத்தது கோழி இல்ல, மீனு. கை முப்பத்தாறு, அத நாப்பத்திமூணு ஆக்கிட்ட. மொதல்ல படிச்சப்ப எரிச்சலா இருந்துச்சு. இப்ப உன் முன்னாடி உக்காந்து யோசிச்சா... என்னக் காப்பாத்தத்தான் செஞ்சிருக்க.

பாஃபோ: க்ஹும்... க்ஹும்... ஒண்ணுமில்ல, தண்ணி பொறையேறிருச்சு.

துமாசி: எனக்குப் பத்துக்கு ஏழு வேணாம், ஒண்ணும் வேணாம்மா. என் பேரு மட்டும் வெளிய வராம இருந்தா போதும்.

அஃப்ரியே: டாக்டர், நான் ஒண்ணு சொல்லணும். அந்தப் பதிவுல—

பாஃபோ: அஃப்ரியே! அப்புறம் சொல்லு. மொதல்ல அறுபத்தோரு கிளினிக்.

அஃப்ரியே: இல்ல பாஃபோ, இவரு இவ்வளவு மனசு விட்டு...

பாஃபோ: கொழந்தைங்க தேதி. செவ்வாக்கிழமை. நீதானே சொன்ன?

அஃப்ரியே: ...ஆமா.

பாஃபோ: டாக்டர், அந்தத் தீர்மானத்த என்ன பண்றதா உத்தேசம்?

துமாசி: ரத்து. இதோ, நானே எழுதித் தர்றேன். “மேற்படி தீர்மானம் மீளாய்வுக்குப் பின் முற்றாக ரத்து செய்யப்படுகிறது. டாக்டர் பொறியாளர் துமாசி, தலைவர்.” கீழ, “டாக்டர் பொறியாளர் துமாசி, செயலர், தற்காலிகம்.”

பாஃபோ: துணைக்குழு?

துமாசி: அதுக்கும் போட்டுட்டேன். ஆட்டையும் முழுசா எழுதிட்டேன், ஆறு.

அஃப்ரியே: நாளைக்குக் காலைல என் போஸ்ட்?

துமாசி: எட்டு மணிக்குப் பொதுப்பக்கத்துல மேல நிக்கும். சாயங்காலம் வரைக்கும் வேற எதுவும் அதுக்கு மேல ஏறாது. என்னோடது உட்பட.

அஃப்ரியே: கைகள்?

துமாசி: இருக்கட்டும். நீ இவ்வளவு மறைச்சு எழுதியிருக்கும்போது, நான் போயி அழிச்சாத்தான் சந்தேகம் வரும். ஆனா ஒண்ணும்மா, ஒரு வாசகனாச் சொல்றேன். நீ எழுதாம விட்டது ஒண்ணு இருக்கு. அதையும் சேத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.

அஃப்ரியே: எதை?

துமாசி: நான் பேச ஆரம்பிச்சேனா... பக்கத்துப் பந்தல்ல யாரோ ஒரு அம்மா மைக்கப் பிடிச்சுக்கிட்டு அழுறாங்க. அப்படி ஒரு அழுகை. தூணு, ஆசான், இருட்டு, வெளிச்சம்னு என்னென்னமோ சொல்லி. பாதி வார்த்தை என் பேச்சுல இருக்குறதுதான். அவங்க ஒலிபெருக்கிச் சத்தத்துல என் பேச்சு எனக்கே கேக்கல. யாரு பெத்த பிள்ளையோ, என்ன பாசமோன்னு நெனச்சுக்கிட்டேன். அப்புறம் வாத்தியம் அடிச்சாங்க, அந்தம்மா ஆடுது போல, கூட்டமே கை தட்டுச்சு.

பாஃபோ: எனக்கு இன்னும் கொஞ்சம் தண்ணி வேணும்.

துமாசி: அத நீ எப்படி விட்ட? பேராசிரியர் அட்டாகிட்ட நீயும்தான் படிச்ச, நீயும் அங்கதான் வந்திருப்ப, அதே லொகேஷன்தான் உனக்கும் வந்திருக்கும். உன் காதுல விழாம இருந்திருக்காது. ஆமா... எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. நீ எந்தப் பந்தல்ல உக்காந்து என்னப் பாத்த?

அஃப்ரியே: மூணாவதுல டாக்டர். உக்காரல, உங்களப் பாக்கவும் இல்ல... அந்தத் தக்காளிக்காரம்மா படத்துக்கு முன்னாடி நின்னு, மைக்கப் பிடிச்சு அழுதுக்கிட்டிருந்தேன்.